கொஞ்சம் லேட்டா வரும் குரல்

பெரியவள்: ...அப்ப இதுவும் வேணாமா?

சின்னவள்: வேணாம்கா. நான் பாடி முடிக்கறதுக்குள்ள திருப்பிச் சொல்லுது. வாய்க்கு வாய் பேசற பிள்ளை மாதிரி.

பெரியவள்: கடைக்காரர் இதத்தான் தலைல தூக்கி வெச்சுக்கிட்டு ஆடினாரு. மேடைல பாடறவங்க எல்லாரும் இந்த டிலே பெட்டியத்தான் வாங்கறாங்களாம். கடைசி வார்த்தைய அழகாத் திருப்பிச் சொல்லுமாம்.

சின்னவள்: அவங்களுக்கெல்லாம் பின்னாடி நின்னு திருப்பிப் பாட ஒரு அக்கா இருந்திருக்க மாட்டா.

பெரியவள்: ஆரம்பிச்சிட்டியா... எனக்குத் தொண்டைல கட்டி எடுத்தாச்சு. இனிமே பாடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. நான் சத்தத்த ஏத்தி இறக்கற இந்த மிக்சர் பக்கம், நீ மேடைப் பக்கம். பேசி முடிச்ச விஷயம்.

சின்னவள்: பேசி முடிச்சோம். சரி. ஆனா பின்னாடி நீ இல்லாம நான் பாடப்போற முதல் கச்சேரிக்கா இது. மத்தியானம் சோறே இறங்கல.

பெரியவள்: அதுக்குத்தானே பெட்டி.

சின்னவள்: நீ கத்தாத. பக்கத்துல இருக்கற மைக்ல மெதுவாப் பேசு, எனக்கு இங்க கேக்குது.

பெரியவள்: மெதுவாத்தான் பேசறேன். நீ இன்ஹேலர் அடிச்சியா?

சின்னவள்: அடிச்சாச்சு, அடிச்சாச்சு.

பெரியவள்: எப்ப?

சின்னவள்: அப்ப... நீ ஒயர் மாட்டிட்டிருந்தப்ப. அடுத்த பெட்டிய மாட்டுக்கா. ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டா அப்புறம் எதுக்கும் நேரம் இருக்காது.

பெரியவள்: மாட்டியாச்சு. பாடு.

சின்னவள்: "போன மழை திரும்பி வந்து கதவைத் தட்டுதே..." ஐயையோ, என்னக்கா இது. இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் ஓடுது.

பெரியவள்: இடது ஸ்பீக்கர்ல ஒரு தடவ, வலதுல ஒரு தடவ. அதான் இதோட விசேஷமாம்.

சின்னவள்: கதவ ஒருத்தர் தட்டினாப் போதும்கா. இது தெருவே கூடி வந்து தட்டற மாதிரி இருக்கு.

பெரியவள்: இப்படி ஒண்ணொண்ணுக்கும் நொட்டை சொன்னா எப்படி? கொண்டு வந்ததுல இன்னும் ஒண்ணுதான் பாக்கி.

சின்னவள்: நொட்டை சொல்லல... அதையும் மாட்டுக்கா, கேட்டுப் பாத்துடலாம்.

பெரியவள்: இது பழைய டேப் மாதிரி. திரும்பி வர்றப்ப குரல் கொஞ்சம் மங்கி வரும். ம், பாடு.

சின்னவள்: "...கதவைத் தட்டுதே..." ம்.

பெரியவள்: ம்னா?

சின்னவள்: இது பரவால்ல. அந்த மங்கல் இருக்கே... உன் குரல் மாதிரியே இருக்கு.

பெரியவள்: என் குரல் மங்கலா?

சின்னவள்: கனமா இருக்குன்னு சொல்ல வந்தேன், விடேன். ஆனா இது சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்து நிக்குது. நீ அப்படி வர மாட்ட. கொஞ்சம் லேட்டா வருவ. தாளம் தாண்டிடுமோன்னு நான் திரும்பிப் பாக்கப் போவேன்... அப்பதான் வருவ.

பெரியவள்: அது வேணும்னு செஞ்சதில்லடி. நீ "தட்டுதே"ல நிறுத்தி மூச்சு வாங்குவ. இழுக்கற சத்தம் மைக்ல வரும். அது வந்ததும் அதுக்கு மேல நான் பாடி மூடிடுவேன். அதான் லேட்டு.

சின்னவள்: தெரியும்.

பெரியவள்: தெரியுமா?

சின்னவள்: முதல் கச்சேரிலேயே தெரியும். வீசிங்கோட மேடை ஏறி, பாட்டு நடுவுல மூச்சு முட்டி நின்னுட்டேன். முன் வரிசைல ஒருத்தர் நிமிர்ந்து பாத்தாரு. அப்ப பின்னாடிலேருந்து "தட்டுதே"ன்னு நீ எடுத்த பாரு... மெட்டே அப்படித்தான்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டாங்க. அன்னிக்கு என் மானத்தக் காப்பாத்தினது நீதான்கா. இன்னிவரைக்கும் உனக்கு நான் ஒரு நன்றி சொன்னதில்ல.

பெரியவள்: இப்பவும் சொல்லாத. அழுவ, மூக்கடைச்சுக்கும். வேலையப் பாரு. உன் மூச்சுச் சத்தத்த இனிமே இந்தப் பெட்டிதான் மூடணும். நீ எவ்ளோ நேரம் இழுக்கறன்னு ஹெட்ஃபோன்ல கேட்டு அதுக்குத் தக்கபடி டைம் வெக்கறேன். டிலேவ அணைச்சுட்டேன். வெறும் குரல்ல பாடு.

சின்னவள்: அதெல்லாம் எதுக்குக்கா... குத்துமதிப்பா வெச்சுடேன்.

பெரியவள்: குத்துமதிப்பா வெச்சு, அத்தனை பேர் முன்னாடி உன் மூச்சு தனியாக் கேக்கணுமா? பாடு.

சின்னவள்: "போன மழை திரும்பி வந்து கதவைத் தட்டுதே..." ஹ்ஹ்ஹ்ஹா...

பெரியவள்: என்னது இது?

சின்னவள்: மூச்சு.

பெரியவள்: சைக்கிளுக்குக் காத்தடிக்கற மாதிரி இருக்கு. ஒழுங்கா எடு.

சின்னவள்: இவ்ளோ பக்கத்துல காத வெச்சுக் கேட்டா எப்படிக்கா வரும்...

பெரியவள்: நான் இங்க இருக்கறத மறந்துடு. கண்ண மூடிக்க. மனசு விட்டுப் பாடு.

சின்னவள்: "போன மழை திரும்பி வந்து கதவைத் தட்டுதே, தூங்கிப் போன தெருவெல்லாம் கண்ணை முழிக்குதே..."

பெரியவள்: நிறுத்தவே இல்லியே நீ.

சின்னவள்: கண்ண மூடச் சொன்னேல்ல... மறந்துட்டேன்.

பெரியவள்: மூச்சு வாங்க யாராச்சும் மறப்பாங்களா? எப்பலேருந்துடி இப்படி?

சின்னவள்: அந்த ஈரச் செவுத்து வீட்டக் காலி பண்ணினோமே... அதுக்கப்புறம் வீசிங் வந்ததே இல்ல.

பெரியவள்: அப்ப என் மூத்தவன் பள்ளிக்கூடமே சேரல. இப்ப அவனுக்கு மீசை வந்தாச்சு.

சின்னவள்: ஆமா.

பெரியவள்: சித்த முன்னாடி இன்ஹேலர் அடிச்சேன்னியே?

சின்னவள்: மேடைத் திரைக்கு அடிச்சேன். அது இப்ப நல்லா மூச்சு விடும்.

பெரியவள்: சிரிப்பு வருதா உனக்கு? இத்தன வருஷம் எதுக்குடி அந்த இடத்துல நிறுத்தின?

சின்னவள்: நீ பாடறதுக்கு. பாட்டு முழுக்க எனக்கு. போஸ்டர்ல என் மூஞ்சி. உனக்குன்னு தனியா இருந்தது அந்த ஒரு வார்த்ததான். நான் நிறுத்தாமப் போனா அதுவும் போயிடும். தனியாப் பாடுக்கான்னு எத்தன தடவ கெஞ்சியிருப்பேன், கூச்சமா இருக்குன்னு நழுவிடுவ. ஆனா அந்த இடத்த மட்டும் ஒரு நாளும் விட மாட்ட. உருகிப் பாடுவ. அதான் நிறுத்திக் குடுத்தேன். நன்றின்னு வாயால சொல்ல எனக்கு வரல... இப்படித்தான் வந்தது.

பெரியவள்: ...கொஞ்சம் இரு. இந்த ஹெட்ஃபோன் காத அழுத்துது.

சின்னவள்: அழறியா?

பெரியவள்: காது வலிச்சாக் கண்ல தண்ணி வராதா? அத விடு. மூச்சுப் பிரச்சினையே இல்லன்னு ஆயிடுச்சே, இன்னிக்கு நிறுத்தாம ஒரேயடியாப் பாடு. டிலேவே வேணாம். எல்லாப் பெட்டியும் கடைக்கே போகட்டும்.

சின்னவள்: முடியாது. நான் நிறுத்தத்தான் போறேன். எனக்கு அந்த டேப் பெட்டி வேணும். ஆனா என் காலடில வேணாம், அது தானா வர்றதும் வேணாம். உன் கைல வெச்சுக்க.

பெரியவள்: என் கைலயா?

சின்னவள்: மிக்சர்ல அந்த ஃபேடர் குமிழ மேல தள்ளினாத்தானே அது வெளிய கேக்கும்? பெட்டி பாட்டுக்கு உள்ள ஓடிட்டிருக்கட்டும், ஃபேடர் கீழயே இருக்கட்டும். "தட்டுதே" வந்தா மட்டும் நீ விரலால தள்ளு. எப்ப வரணும்னு உனக்குத் தோணுதோ, அப்ப.

பெரியவள்: லேட்டாத் தள்ளிட்டா?

சின்னவள்: லேட்டாத்தான் தள்ளணும். அதுக்குத்தானே இவ்ளோ நேரமாக் கத்திட்டிருக்கேன்.

பெரியவள்: சரி... பாடு, பாப்போம்.

சின்னவள்: "போன மழை திரும்பி வந்து கதவைத் தட்டுதே..."

பெரியவள்: ...இந்தா, தள்ளறேன்.

சின்னவள்: ...வந்துட்டக்கா. அதே இடம். திரும்பிப் பாக்கப் போனேன்.

பெரியவள்: இப்ப சோறு இறங்குமா?

சின்னவள்: இறங்கும். ஒரு குண்டான் குடு.

பெரியவள்: உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்... திட்டக் கூடாது.

சின்னவள்: சொல்லு.

பெரியவள்: உன் மூச்சுச் சத்தம் நின்னு போனது எனக்கும் அப்பவே தெரியும். முதுகுக்குப் பின்னாடியே நிக்கறவளுக்குக் கேக்காதா? இன்னிக்கு ஹெட்ஃபோன மாட்டினது மூச்ச அளக்க இல்ல. நீ எனக்காகத்தான் நிறுத்தினியான்னு ஒரு தடவயாவது உன் வாயால கேக்கணும் போல இருந்தது.

சின்னவள்: அடிப்பாவி... தெரிஞ்சுக்கிட்டேவா மாசாமாசம் மருந்துக் கடைக்குப் போய் அந்த இன்ஹேலர வாங்கிட்டு வந்த?

பெரியவள்: வாங்கறத விட்டா, எனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு உனக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் நீ எதச் சொல்லி அங்க நிறுத்துவ... நான் எங்கடி பாடுவேன்?