அடுத்த நெகட்டிவில் சிரித்தவன்

என் வீட்டுத் தேநீரில் எப்போதும் சர்க்கரை தூக்கலாக இருக்கும். என் மனைவிக்கு அப்படித்தான் பிடிக்கும். அவள் போன பிறகும் கை அந்த அளவை மாற்றிக்கொள்ளவில்லை.

அவள் போர்முனையில் படம் எடுத்தவள். அவள் அனுப்பிய பிலிம் சுருள் ஒன்று வீட்டுக்கு வந்த வாரமே, அவள் போன வண்டி மேல் குண்டு விழுந்தது. சுருளை நான்தான் கழுவினேன். பதுங்குகுழியில், கன்னத்துக்குக் கீழே கை வைத்துக் கிடக்கும் சிப்பாயின் படம் அதில் இருந்தது. பத்திரிகையில் படத்துக்குக் கீழே போட ஒரு வரி கேட்டார்கள். 'இனி விழிக்காதவன்' என்று எழுதிக் கொடுத்தேன். நாடே அழுதது. பாடப்புத்தகத்தில்கூட வந்துவிட்டது, அவள் பெயரோடு.

போர் முடிந்து கைதிகளை விடுவித்த சமயம், ஒருவன் வந்து கதவைத் தட்டினான். இளைத்து, தாடி வளர்ந்திருந்தான். கண்ணைத் தாழ்த்தியபோதுதான் அடையாளம் தெரிந்தது. படத்தில் இருந்தவன்.

"நீங்கதானே அத்தான்? அக்கா இல்லையா?"

போர்முனையில் என் மனைவியை அக்கா என்றே கூப்பிட்டுப் பழகியவன். அவள் இறந்ததைச் சொன்னேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். என்னைவிட அதிகமாக அழுதான்.

பிறகு உள்ளே வந்து பேசினான். "அன்னைக்கு அசந்து தூங்கிட்டேன் அத்தான். வாயைப் பொளந்துட்டுத் தூங்குறதையா எடுப்பீங்கன்னு அக்காகிட்ட சண்டையே போட்டேன். இப்ப வர்ற வழியில ஒரு டீக்கடையில என் படம் தொங்குது. அதுக்குக் கீழயே உட்கார்ந்து பன் தின்னேன், ஒருத்தனுக்கும் தெரியல."

சிரித்தான். பின் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மாவை இன்னும் பார்க்கல. திடீர்னு போய் நின்னா, பேய்னு நினைச்சு உசிரை விட்டுடும். நீங்க கூட வாங்க அத்தான். அது தூங்கும்போது எடுத்ததுன்னு பத்திரிகையிலயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

சொன்னால் அவளைப் பொய்க்காரி என்பார்கள். பதில் சொல்ல அவள் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் படம்தான் நின்றது.

தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கோப்பை கேட்டான். என் தூக்க மாத்திரைகள் கசப்பானவை. அவனுக்குத் தெரியவில்லை.

அடுத்த நெகட்டிவைக் காட்டுகிறேன் என்று படம் கழுவும் இருட்டறைக்கு அழைத்துப் போனேன். அதில் அவன் கண் திறந்து, காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறான். ஆமாம், அந்த வரியை எழுதும்போதே அதை நான் பார்த்திருந்தேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டே சரிந்தான். வெளிச்சம் புகாமல் இருக்க, கதவு விளிம்பெல்லாம் அவளே ரப்பர் ஒட்டியிருந்தாள். காற்றும் புகாது. வெளியே வந்து தாழ் போட்டேன்.

விழித்தானா என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். ஒருமுறை. நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அத்தான், கதவு மாட்டிக்கிச்சு போல. வெளியில இருந்து கொஞ்சம் தள்ளுங்க."

கழுவி முடித்து, கவிழ்த்து வைத்தேன்.

மறுபடி திறந்தபோது அவன் கை கன்னத்துக்குக் கீழே இல்லை, கதவோரம் நீண்டிருந்தது. எடுத்து வைத்தேன்.

அவள் பெயரில் படக்கூடம் திறந்தபோது அவன் அம்மா வந்திருந்தார். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"தம்பி, புள்ள கடைசியில யாரையாச்சும் கூப்பிட்டானா?"

"இல்லைம்மா. அசந்து தூங்கிட்டான்."

என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவியின் படத்தில் இப்போது பொய் எதுவும் இல்லை.