பதினாலாவது பிழை

வாத்தியார்: வார இதழுக்கு நான் எழுதுற கட்டுரையில, இந்தப் படத்தோட பிழை பதிமூணு. தளபதி நெஞ்சுல அஞ்சு அம்பு. அதோட ஆறு நிமிஷம் வசனம் பேசுறார். நடுவுல ஒரு இருமல்கூட இல்ல.

டெய்லரம்மா: பேசட்டுமேங்க. வாங்கின சம்பளத்துக்குப் பேச வேணாமா?

வாத்தியார்: ஆயிரம் வருஷத்துக்கு முந்தின போரும்மா இது! படை முகாம்ல ஒருத்தன் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கிறான். அந்தக் கிழங்கு கப்பலேறி வர இன்னும் அறுநூறு வருஷம் இருக்கு.

டெய்லரம்மா: அதுவரைக்கும் படை பட்டினி கிடக்கணுமாக்கும்.

வாத்தியார்: சிரி, நல்லா சிரி. ராஜா கவசத்தைக் கழட்டுறார், 'சர்ர்ர்'னு ஒரு சத்தம். கவசத்துல வெல்க்ரோ ஒட்டுப்பட்டி! அதைத் தைச்ச புண்ணியவதி யாரோ...

டெய்லரம்மா: நான்தான். தெரியாத மாதிரி கேட்காதீங்க.

வாத்தியார்: தெரிஞ்சுதான் எட்டாவதாப் போட்டிருக்கேன். வீட்டுக்காரிங்கிறதுக்காக சரித்திரத்துல சலுகை கிடையாது.

டெய்லரம்மா: ராஜாவுக்கு அன்னைக்கு வயித்தால போச்சுங்க. கவசத்துக்குப் பதினெட்டு முடிச்சு போட்டு, அதை அவிழ்க்கிற வரைக்கும் உங்க சரித்திரம் காத்திருக்கும். வயிறு காத்திருக்குமா?

வாத்தியார்: ...இதை எந்தப் புஸ்தகத்துலயும் எழுதல.

டெய்லரம்மா: எழுதியிருந்தா உங்க வகுப்புல பசங்க தூங்கியிருக்க மாட்டாங்க.

வாத்தியார்: என் வகுப்புல யாரும்... சரி, விடு. பதினாலு. எதிரிப் படையில கொடி பிடிச்சுக்கிட்டு ஓடி வர்றான் பாரு, அவன். கீழ விழுறப்ப சட்டைக் கை மேல ஏறுது. மணிக்கட்டுல கைக்கடிகாரம்!

டெய்லரம்மா: ...அதை யாருங்க பார்க்கப் போறாங்க?

வாத்தியார்: நான் பார்த்தேன்ல?

டெய்லரம்மா: அரை நொடி வருது. அதை மட்டும் அடிச்சிடுங்களேன்.

வாத்தியார்: உன் வெல்க்ரோவையே அடிக்கச் சொல்லல. யாரோ ஒருத்தன் கடிகாரத்துக்கு ஏன் இவ்வளவு பதறுற?

டெய்லரம்மா: எங்க டிரெஸ் மேனேஜர் அந்த வார இதழை வரி விடாம படிப்பாருங்க. களத்துல இறங்குறவங்க கையில காதுல எதுவும் இருக்கக் கூடாதுன்னு தொண்டை கிழியக் கத்தினவர் அவர். கொடி பிடிச்சது யாருன்னு அவருக்குத் தெரியும். அடுத்த படத்து வாசல்லயே கால் வைக்க விடமாட்டார். திங்கட்கிழமை வேலை ஆரம்பம். எட்டு மாச வேலை... போயிடும்.

வாத்தியார்: அவனுக்குப் போனா உனக்கென்ன?

டெய்லரம்மா: பாவம், பிள்ளைகுட்டிக்காரன்.

வாத்தியார்: எத்தனை பிள்ளைங்க?

டெய்லரம்மா: ரெண்டு. மூத்தவளுக்கு இப்பத்தான் காலேஜ்... அப்படின்னு யாரோ சொன்னாங்க.

வாத்தியார்: நம்ம வீடு மாதிரியே இருக்கே! ஆள் எப்படி?

டெய்லரம்மா: ஆள் தங்கம். வீட்ல வாய்ச்சதுதான் சரியில்ல. எந்நேரமும் எதுலயாவது குத்தம் கண்டுபிடிச்சுக்கிட்டே இருக்கும்.

வாத்தியார்: ம்... இருந்தாலும் ஒண்ணு சொல்லணும். மூணு மணி நேரப் படத்துல ஒழுங்காச் செத்தது அவன் ஒருத்தன்தான். மத்தவனெல்லாம் மெத்தை எங்க போட்டிருக்குன்னு பார்த்துட்டு விழுறான். இவன் மூஞ்சி மண்ணுல தேய்ஞ்சாலும் கொடியை விடல.

டெய்லரம்மா: நிஜமாவா? நல்லா இருந்துச்சா?

வாத்தியார்: உனக்கு ஏன் முகம் சிவக்குது?

டெய்லரம்மா: அடுப்புகிட்ட நிக்கிறேன்ல.

வாத்தியார்: அடுப்பை நீ இன்னும் பத்த வைக்கவே இல்லையே.

டெய்லரம்மா: ...வைக்கத்தானே வந்தேன்.

வாத்தியார்: மீசை மட்டும் கொஞ்சம் கோணல்.

டெய்லரம்மா: கோணலா? முக்கால் மணி நேரம் கண்ணாடி முன்னாடி நின்னு ஒட்டி...

வாத்தியார்: ஒட்டி?

டெய்லரம்மா: ...ஒட்டியிருப்பான்னு சொன்னேன். அடிச்சிடுங்க, என்னங்க. இருபத்துமூணு பிழையில ஒண்ணு குறைஞ்சா என்ன குடி முழுகிடும்?

வாத்தியார்: அதெப்படி? இன்னைக்குக் கடிகாரத்தை விட்டா நாளைக்குக் கோட்டை மேல மொட்டை மாடித் தண்ணித் தொட்டி வைப்பான். பத்திரிகை ஆசிரியர் ஆறு மணிக்குக் கட்டுரை கேட்டிருக்கார். மனச்சாட்சின்னு ஒண்ணு...

டெய்லரம்மா: போதும், நிறுத்துங்க! அது நான்தான்.

வாத்தியார்: எது?

டெய்லரம்மா: கொடிக்காரன்! நடிக்க வேண்டியவனுக்கு அன்னைக்குக் காலையில காய்ச்சல். அந்த உடுப்பு அங்க இருந்த எந்தத் தடியனுக்கும் நுழையல, எனக்கு நுழைஞ்சது. மீசையைக் கொடுத்து, "ஓடுங்கம்மா, விழுங்கம்மா"ன்னாங்க. ஓடினேன், விழுந்தேன். கடிகாரத்தைக் கழட்ட மறந்துட்டேன். உங்ககிட்ட சொன்னா பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்க, அதான் சொல்லல. இப்ப எழுதுங்க. என் வேலை போனாப் போகட்டும், உங்க சரித்திரம் நல்லா இருக்கட்டும்!

வாத்தியார்: கட்டுரையை நேத்து காலையிலேயே அனுப்பியாச்சும்மா. மொத்தம் இருபத்திரண்டு பிழைதான், கடிகாரம் அதுல இல்ல. உன் வாயால வரட்டும்னுதான் பதினாலை இவ்வளவு நேரம் இழுத்தேன். இருபத்தாறு வருஷமாப் பார்க்கிற மூஞ்சி, மீசை ஒட்டினா மாறிடுமா? அப்புறம்... இந்த வாரம் மூணு சாயங்காலம் நூலகத்துக்குப் போறேன்னு கிளம்பினேன்ல, நூலகத்துக்குப் போகல. அந்த அரை நொடிக்கு டிக்கெட் எடுத்துட்டு உட்கார்ந்திருந்தேன்.