கென்யாவில் ஒரு கோச்சிங் சென்டர்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு தோழிகள். ஒருத்தி கல்லூரி ஆசிரியை; மடியில் குரூப் டூ கைடு.

“என்னாலதான்டி கென்யாவுல ஒரு கோச்சிங் சென்டர் வந்திருக்கு.”

“உன்னாலயா?”

“அங்க வசதியில்லாத பசங்களுக்கு எங்க காலேஜ்லேர்ந்து ஆன்லைன் கிளாஸ். வேலை தேடாதீங்க, நெட்ல சொந்தத் தொழில் தொடங்குங்கன்னு நான்தான் சொல்லித் தரேன்.”

“நல்லதுதானே.”

“ஒருநாள் லேட்டாயிடுச்சு. ஏன் மேடம்னு ஒருத்தன் கேட்டான். கவர்மெண்ட் வேலைக்குக் கோச்சிங் போயிட்டு வரேன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்.”

“அப்புறம்?”

“அவன் தொழில் தொடங்கிட்டான். அவங்க ஊர் கவர்மெண்ட் பரீட்சைக்கு ஆன்லைன் கோச்சிங். என் கிளாஸ் பசங்க மொத்தமா அங்க சேர்ந்துட்டாங்க.”

“அப்ப உன் கிளாஸ்?”

“ஒருத்தரும் வர்றதில்ல. எனக்கும் படிக்க நேரம் கிடைக்குது.”

காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் கைடைப் பிரித்துவிட்டாள்.