திரையில் பச்சை விழுந்தது

காத்திருப்பது யாருக்கும் பிடிக்காது, சார். உங்களையும் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள், மன்னியுங்கள்.

திண்டிவனத்தில் எங்கள் இதய மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவு என் பொறுப்பு. புதுச்சேரியிலிருந்து வரும் டாக்டர் சித்தார்த்தன் மதியத்துக்குள் கிளம்பியாக வேண்டும். அதற்காகத்தான் அந்த மென்பொருளை வாங்கினோம். வயது, வலி, ஈசிஜி எல்லாம் கொடுத்தால் திரையில் நிறம் விழும். சிவப்பு என்றால் இன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். பச்சை என்றால் மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம்.

சிவப்பு அதிகமாக விழுந்தது. வரிசை வாசல் தாண்டி நின்றது. டாக்டர் என்னைத்தான் முறைத்தார். அதனால், நெஞ்செரிச்சல் என்று வந்தவர்களைப் பச்சைக்கு மாற்றினேன். மாற்றும் வசதி அதிலேயே இருந்தது. பெரும்பாலும் கேஸ் தொல்லைதானே.

கோவிந்தம்மாள் வானூர்ப் பக்கம் சித்தாள் வேலை செய்தவர். மகள் கலையரசி கைத்தாங்கலாக அழைத்து வந்தாள்.

“மார் எரியுது தம்பி. கல்லு தூக்கிக்கினு ஏறுனா கை மரத்துப்போவுது. பயமா கீது.”

சிவப்பு விழுந்தது. “கேஸுதாம்மா, பயப்படாதீங்க” என்று மாற்றி அனுப்பினேன். திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே உயிர் போய்விட்டது. கலையரசிதான் போனில் சொன்னாள்.

நோயாளி பிறகு என்ன ஆனார் என்று மென்பொருள் கேட்கும். பதிலைப் பார்த்துத்தான், அடுத்து வருபவர்களுக்கு எந்த நிறம் என்று அது கற்றுக்கொள்ளும். இறப்பு என்று பதிந்தால் நான் மாற்றியது தெரிந்துவிடும். ‘நலம்’ என்று பதிந்தேன். அவருக்கு மட்டுமல்ல, திரும்பி வராத எல்லோருக்கும். சிலர் இறந்தது தெரிந்தேதான் பதிந்தேன்.

போகப்போகச் சிவப்பு தானாகவே குறைந்தது. வரிசையும் குறைந்தது. டாக்டர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

போன வாரம் கலையரசி தனியாக வந்தாள். ரவிக்கை முழுக்க வியர்வை.

“அண்ணே, அம்மாக்கு வந்தாப்பலயே எரியுது. புள்ளைங்க சின்னதுங்கண்ணே. டாக்டர ஒருவாட்டி பாத்துட்டுப் போயிடறேன்.”

விவரங்களைக் கொடுத்தேன். பச்சை விழுந்தது.

அவள் என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் இருந்த பயம் எனக்கும் வந்தது. உள்ளே விட்டால் அம்மாவைப் பற்றிச் சொல்லுவாள். டாக்டர் பழைய பதிவைத் திறப்பார். டாக்டர் அப்போது சும்மாதான் உட்கார்ந்திருந்தார். வரிசையில் ஒருவரும் இல்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன். மாத்திரையைக் கையில் கொடுத்து, ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தேன்.

அவள் உயிரோடு வீடு போய்ச் சேரவில்லை. அவள் புருஷன் கொடுத்த புகாரில்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், சார். கலையரசி விஷயத்தில் நான் எதையும் மாற்றவில்லை. அவளுக்கு ஒன்றுமில்லை என்று மெஷினேதான் சொன்னது.