மூன்றாவது மாதிரி

லிஃப்ட் வேலை செய்யவில்லை, அதனால்தான் தாமதம். ஐந்து மாடி படியேறி வந்தேன். இதய நோயாளிகளைக் கடைசி மாடியில் வைத்துவிட்டு லிஃப்டை அடிக்கடி படுக்கப் போடுகிற மருத்துவமனை இது. இங்கே விசாரணை என் மீது நடக்கிறது. பரவாயில்லை. தண்ணீர் வேண்டாம், உட்கார்ந்தால் போதும்.

நான் கோபக்காரன் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வார்டில் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். என் காதில் விழாது என்ற நினைப்பில் சொல்வார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், உண்மைதான். ஆனால் சிறுநீரக வார்டில் இத்தனை வருடம் நின்றுவிட்டுக் கோபம் வராதவன் டாக்டரே இல்லை என்பது என் கருத்து. டயாலிசிஸ் மெஷினைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? மனிதனின் ரத்தத்தை வெளியே இழுத்துக் கழுவித் திருப்பி அனுப்பும். உயிரோடு வைத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வேலை போய்விடும், வெளியூர் போக முடியாது, ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கவும் யோசிக்க வேண்டும். என் அம்மா அதில் நான்கு வருடம் கிடந்தாள். ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து, "என்னை ஏன்டா இதுல மாட்டிவிட்டே?" என்று கேட்டாள். அந்த மெஷினை நான் வெறுக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

மருந்து என்னுடையது. கூட்டாளிகள் இருந்தார்கள், காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு. அது பழுதான சிறுநீரகத்தைச் சரிசெய்யாது. மேலும் கெடுவதை மெதுவாக்கும், மெஷினில் ஏறும் நாளைத் தள்ளிப்போடும். அதை நிரூபிக்கத்தான் இந்தச் சோதனை. நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே அளவில் வெறும் சர்க்கரை மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சோதனை முடிவதற்குள் ஒருவர் மெஷினில் ஏறினால் அவர் தோல்வி. ஏறாவிட்டால் வெற்றி. ஆனால் யாரை எப்போது ஏற்றுவது என்று முடிவெடுப்பது யார்? நான். இந்த விதியை எழுதிய மேதாவிகள் அதை யோசிக்கவே இல்லை. கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, இப்போது என் கையைப் பார்த்து முகம் சுளிக்கிறீர்கள்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். நகரப் பேருந்து ஓட்டுநர், அவருக்கும் சிறுநீரகம் பழுது. வாய் ஓயாத மனிதர். சொந்தக்காரர்களைச் சோதனையில் சேர்க்கக்கூடாது என்று விதி இருக்கிறது, எனக்குத் தெரியும். என் மனைவி, "ஊரார் எல்லாருக்கும் உங்க மருந்து, எங்க அண்ணனுக்கு மட்டும் கிடையாதா?" என்று கேட்டாள். சேர்த்தேன். உறவைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

முதல் பரிசோதனைக்கு வந்தபோதே அவர், "மாப்ளே, உன் மாத்திரை பவர் ஜாஸ்திப்பா. வாயில எப்பப் பாரு இரும்பைச் சப்புற மாதிரி இருக்கு. ஸ்டியரிங்கை நக்கினா இப்படித்தான் இருக்கும்போல" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. என் மருந்துக்கு அந்தக் குணம் உண்டு. சிலருக்கு நாக்கில் இரும்பு ருசி தட்டும். அவருடைய ரத்த அளவுகளும் பல மாதம் அசையாமல் நின்றன. மச்சான் மருந்துப் பக்கம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று விதி இருக்கிறதே, விதியை மதிக்கிறவன் நான்.

வருடக் கடைசியில் நிலைமை கெட்டது. மற்ற நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக மெஷினில் ஏறினார்கள். அதில் எத்தனை பேர் என் மருந்தைச் சாப்பிட்டவர்கள் என்று எனக்குத் தெரியாது. என் ஆள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது மச்சான் ஒருவர்தான். அவர் காலும் அப்போதுதான் வீங்க ஆரம்பித்தது.

நீர் இறங்கும் மாத்திரையைக் கூட்டினேன். ரத்தத்தில் சேரும் பொட்டாசியத்தைக் குறைக்கும் பொடி கொடுத்தேன். மருத்துவத்தில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். இவற்றை வைத்துக்கொண்டு ஒருவரைக் கொஞ்ச காலம் ஓட்டலாம்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் என் மனைவி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினாள். "ஏங்க, அண்ணன் படுத்தா மூச்சு வாங்குதுன்னு நாற்காலியில உக்காந்தே தூங்குறாங்களாம். அண்ணி அழுறாங்க. பேசாம மெஷின்ல போட்டுடுங்களேன்."

"மெஷின்ல போட்டா அப்புறம் பஸ் ஓட்ட முடியாது. அவர் வேலையைப் பிடுங்கணுமா? இன்னும் கொஞ்ச நாள்."

"அவருக்கு உசிரு முக்கியமா, பஸ்ஸு முக்கியமா?"

"டாக்டர் நீயா, நானா?" என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். இந்தக் கேள்வியைக் கேட்டால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். வசதியான கேள்வி.

சோதனையின் கடைசி நாள் காலையில் மச்சானை அழைத்து வந்தார்கள். உதடு வெளுத்து, முகம் ஊதிப் போயிருந்தார். அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "மாப்ளே, பஸ்ஸு டெப்போவுக்கு வந்தாச்சு. இனிமே தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்" என்றார். நான் சிரித்தேன். அவரை எனக்குப் பிடிக்கும், அதை யாரும் மறுக்க முடியாது.

ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் இதயத்தை நிறுத்துகிற அளவுக்கு ஏறியிருந்தது. பெரிய சிஸ்டர் வேகவேகமாக வந்தார். வார்டில் எனக்குப் பயப்படாத ஒரே ஆள் அவர்.

"சார், மெஷின் காலியா இருக்கு. கொண்டு போயிடவா?"

"ரத்த மாதிரி கெட்டிருக்கும். ஊசி குத்தும்போது ரத்த அணு உடைஞ்சா இப்படித்தான் பொய்யா ஏறிக் காட்டும். மறுபடி எடுங்க."

நான் சொன்னது தவறில்லை. அப்படி நடப்பது உண்டு. மறுபடி எடுத்தார்கள். முதல் மாதிரியை விடக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

"சார், ரெண்டாவதும் அதேதான் காட்டுது."

"மூணாவது எடுங்க."

"மூணாவது எதுக்கு சார்?" பெரிய சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "உங்களுக்கு என்ன ஆச்சு? அவரு உங்க சொந்தக்காரரு இல்லையா?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. சொன்ன வேலையைச் செய்யுங்கள் என்று கத்தினேன். அந்தக் கத்தலைத்தான் எல்லோரும் சாட்சியாகச் சொல்லியிருப்பார்கள். இதயத்துக்குக் காவலாக ஒரு ஊசி போட்டேன், அதை எவனும் சொல்லியிருக்க மாட்டான். மூன்றாவது மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவே இல்லை. குழாயை என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். முடிவுக்குக் காத்திருக்கிறோம் என்று எல்லோரிடமும் சொன்னேன். மாலை அலுவலகம் மூடியதும் சோதனை முடிந்தது. மச்சான் மெஷினில் ஏறாமல் முடித்த நோயாளி, வெற்றி. மறுநாள் காலை முதல் ஆளாக அவரை மெஷினில் ஏற்றும்படி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். நன்றாகத் தூங்கினேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

காலையில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது, மெஷின் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் அவர் இதயம் நின்றது. நான் கூடவே நடந்துகொண்டிருந்தேன். நெஞ்சை அழுத்தினேன், கை ஓயும் வரை அழுத்தினேன். பெரிய சிஸ்டர்தான், "போதும் சார், விடுங்க" என்றார்.

என் மனைவியிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "முந்தின நாள் வார்டுல அவருக்கு என்ன குடிக்கக் குடுத்தே?"

"ஆரஞ்சு ஜூஸ். வாயெல்லாம் இரும்பா இருக்கு, புளிப்பா ஏதாச்சும் குடுன்னு கேட்டாங்க. ஏன், குடுக்கக் கூடாதா?"

"அதுல பொட்டாசியம் ஜாஸ்தி" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் இருந்த பழங்களை எல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டாள். அதற்கப்புறம் அண்ணி வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. என்ன முகத்தோடு போவேன் என்கிறாள். அவள் அழும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நான் பொய் சொல்லவில்லையே. ஆரஞ்சில் பொட்டாசியம் உண்டு, எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆமாம், தெரிந்துதான் செய்தேன். மூன்றாவது மாதிரி தேவையில்லை என்று தெரியும். அவர் செத்துப்போகலாம் என்றும் தெரியும். இந்த மருந்து வெளியே வந்தால் எத்தனை ஆயிரம் அம்மாக்கள் அந்த மெஷினுக்குப் போகாமல் இருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் ஒருவர். அவரும் என் மருந்தின் பக்கம் நின்றவர். அவரைக் கேட்டிருந்தால் சரி என்றே சொல்லியிருப்பார் என்றுதான் நேற்று வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நீங்கள் சோதனையின் ரகசியத்தைத் திறந்து சொன்னீர்கள். மச்சான் சர்க்கரை மாத்திரைப் பக்கம். என் மருந்து ஒரு மயிரிழையில் தோற்றிருக்கிறது. சர்க்கரைப் பக்கத்தில் ஒரே ஒரு வெற்றி குறைந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வந்தாலும் நாக்கில் அதே இரும்பு ருசி வரும். எனக்குத் தெரியாததா? மாணவர்களுக்கு நானே அந்தப் பாடத்தை எடுத்திருக்கிறேன். ஆனால் அவன் வந்து வந்து மருந்து வேலை செய்கிறது, பவர் ஜாஸ்தி என்று காது புளிக்கச் சொன்னால், எவன்தான் நம்ப மாட்டான்? வெறும் சர்க்கரையைத் தின்றுவிட்டு வருடம் முழுக்க என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான். இரவெல்லாம் எனக்கு அந்த ஆத்திரம் அடங்கவில்லை.

என் மனைவி கீழே உட்கார்ந்திருக்கிறாள். அடுத்து அவளைத்தான் கூப்பிடுவீர்கள் என்று தெரியும். அவளிடம் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுங்கள், அவளுக்கு ஆறுதலாக இருக்கும். அவள் அண்ணன் சர்க்கரை மாத்திரைக்காரன் என்று அன்றைக்கு எனக்கு மட்டும் தெரிந்திருந்தால், முதல் மாதிரி வந்த உடனேயே அவனை மெஷினில் ஏற்றியிருப்பேன்.