கையால் வெட்டிய பஸ்ட்ராமி

ஃப்ரீடா: இந்த சாண்ட்விச்சை எடுத்துட்டுப் போங்க.

மோட்கே: எங்க?

ஃப்ரீடா: எங்கேருந்து வந்துச்சோ அங்க.

மோட்கே: அம்மா, இது ஒரு மாட்டுகிட்டேருந்து வந்துச்சு. திரும்ப வாங்கிக்கிற நிலைமையில அது இப்ப இல்ல.

ஃப்ரீடா: சர்வருக்கு வாய் ரொம்ப நீளம்.

மோட்கே: இந்த ஃப்ளாட்புஷ் பேட்டையில எந்த டெலி சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் சர்வர் இப்படித்தான் பேசுவான். மரியாதை வேணும்னா பேங்க்குக்குப் போங்க. என்ன குறை இதுல? ரொட்டி காஞ்சிருக்கா?

ஃப்ரீடா: ரை ரொட்டி நல்லாத்தான் இருக்கு.

மோட்கே: கடுகு விழுது?

ஃப்ரீடா: நல்லா மூக்குல ஏறுது.

மோட்கே: ஊறுகாய் வெள்ளரி?

ஃப்ரீடா: அதைக் குறை சொன்னா என் நாக்கு அழுகிடும். நடுவுல இருக்கே இந்த மாட்டிறைச்சி, அதைத்தான் கேக்கறேன்... இதுக்குப் பேரு பஸ்ட்ராமியா?

மோட்கே: மெதுவா பேசுங்க. சுத்தி ஆளுங்க சாப்பிட்டுட்டிருக்காங்க.

ஃப்ரீடா: வெட்டினது யாரு?

மோட்கே: முதலாளி. லைபெல் கார்ஷ். வாசல்ல இத்தனை பெருசா பேர் எழுதியிருக்கே... படிக்கத் தெரியாதா?

ஃப்ரீடா: பேருக்குக் கீழ "எல்லாம் கையால் வெட்டியது"ன்னும் எழுதியிருக்கு. அதைப் படிச்சுட்டுத்தான் உள்ள வந்தேன்.

மோட்கே: இருங்க, உங்களுக்குத் தகுந்த ஆளைக் கூப்பிடறேன். முதலாளி! முதலாளீ! இங்க ஒரு மகாராணி வந்திருக்காங்க. உங்க பஸ்ட்ராமியைத் திருப்பி அனுப்பறாங்க!

லைபெல்: ஏன்யா கத்தற? தெரு முழுக்கக் கேக்கும். என் கடையில யாரும் எதையும் திருப்பினதில்ல.

மோட்கே: அன்னிக்கு ஒருத்தன்...

லைபெல்: அவன் பஸ்ட்ராமிக்குக் கடுகு வேணாம், மயோனைஸ் போடுன்னான். நாம அவனையே திருப்பி அனுப்பிட்டோம். சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?

ஃப்ரீடா: இது மெஷின்ல வெட்டினது.

லைபெல்: யாரு சொன்னது?

ஃப்ரீடா: இதுவே சொல்லுது. ஒவ்வொரு துண்டும் காகிதம் மாதிரி ஒரே கனம். ஆவியில வெந்த சூட்டோட மெஷின்ல வெட்ட முடியாது, பிஞ்சு போகும். அதனால ஆற வச்சு வெட்டி, அப்புறம் சுட வச்சிருக்கீங்க. சாறு மொத்தமும் போயிடுச்சு. மென்னு பாத்தா ரப்பர் மாதிரி இருக்கு.

லைபெல்: எங்கப்பா காலத்துலேருந்து இங்க கத்திதான்.

ஃப்ரீடா: அப்படியா? அப்ப நான் ஆர்டர் கொடுத்ததும் ரேடியோ ஏன் திடீர்னு அலறுச்சு?

லைபெல்: அது... பேஸ்பால் ஆட்டம்.

மோட்கே: முக்கியமான கட்டம்.

ஃப்ரீடா: வானிலை அறிக்கை ஓடிட்டிருந்துச்சு.

மோட்கே: முதலாளிக்கு மழைன்னா உயிர்.

லைபெல்: யோவ், நீ கொஞ்சம் சும்மா இரு. அம்மா, உங்களுக்கு இது பிடிக்கல. சரி. சூப் கொண்டுவரச் சொல்றேன், மாட்ஸோ மாவு உருண்டை ரெண்டு போட்டு. குடிச்சுட்டுப் போங்க. நான் பேர் கேக்க மாட்டேன், நீங்களும் என் பேரைக் கெடுக்காதீங்க.

ஃப்ரீடா: என் பேர் ஃப்ரீடா. சூப் வேணாம். நான் வந்தது பஸ்ட்ராமிக்கு. ஆவிப்பெட்டியில சூடா ஒரு முழுத் துண்டு இருக்குமே? அதைக் கத்தியால வெட்டிக் கொடுங்க. இங்கயே, என் கண்ணு முன்னால.

லைபெல்: இப்ப முடியாது.

ஃப்ரீடா: கவுண்டர் காலியாத்தானே இருக்கு?

லைபெல்: முடியாதுன்னா முடியாதும்மா.

ஃப்ரீடா: அப்ப நான் வெட்டிக்கறேன்.

லைபெல்: எங்க? என் கவுண்டருக்குப் பின்னாலயா? என் பொண்டாட்டியே அங்க கால் வச்சதில்ல!

மோட்கே: விடுங்க முதலாளி. வெட்டட்டும். விரல் ஒண்ணு போனாத்தான் வாய் அடங்கும்.

லைபெல்: என்னய்யா, நீயுமா?

மோட்கே: இல்லன்னா இந்தம்மா சாயங்காலம் வரைக்கும் இந்த நாற்காலியை விடமாட்டாங்க. மூஞ்சியைப் பாத்தாலே தெரியல?

ஃப்ரீடா: பெரியவருக்கு ஆள் பாக்கத் தெரியுது. தள்ளுங்க. எங்க கத்தி?

லைபெல்: அது... மேல, கொக்கியில.

ஃப்ரீடா: அய்யோ, என்ன மழுங்கல் இது! இதை வச்சு வெண்ணெய்கூட வெட்ட முடியாதே. சாணைக்கோல் எங்க... ம், இருக்கு.

மோட்கே: அந்தச் சத்தத்தைக் கேளுங்க முதலாளி.

லைபெல்: கேக்குதுய்யா. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.

ஃப்ரீடா: இப்ப பாருங்க. கத்தியை அழுத்தக்கூடாது, இழுக்கணும். நாருக்குக் குறுக்கே... இப்படி. பாதிக்கு வந்ததும் நார் வேற பக்கம் திரும்புது, தெரியுதா? மெஷினுக்கு இது தெரியாது, அது பாட்டுக்குப் போகும். நாமதான் இறைச்சியைத் திருப்பி வைக்கணும். கொழுப்பு இருக்கிற இடத்துல கொஞ்சம் கனமா... ஓரத்துல மெலிசா. வாயைத் திறங்க.

லைபெல்: நானே எடுத்துக்கறேன்.

ஃப்ரீடா: சூடு. பாத்து.

மோட்கே: எப்படி?

லைபெல்: இன்னொரு துண்டு கொடும்மா.

மோட்கே: அதுக்கு முன்னால எனக்குக் கொஞ்சம் ரொட்டியில வச்சுக் கொடுங்க. எனக்கு இல்ல, ஜன்னலோரம் யூடல் உக்காந்திருக்காரு பாருங்க, ஜெபக்கூடத்துல பாடறவரு. தினம் பஸ்ட்ராமி சாப்பிட்ட மனுஷன், குளிர் காலத்துலேருந்து வெறும் சூப்போட எழுந்து போறாரு. ஏன்னு கேட்டா வயிறு சரியில்லங்கறாரு. இதைக் கொண்டுபோய் வைக்கறேன், வயிறு என்ன சொல்லுதுன்னு பாப்போம்.

லைபெல்: யூடலுக்கு வயிறு சரியில்லன்னு என்கிட்ட நீ சொல்லவே இல்லயே.

மோட்கே: அவர் வயித்துல ஒண்ணும் இல்ல முதலாளி. அதான் சொல்லல. இதோ வரேன்.

லைபெல்: எங்க கத்துக்கிட்டீங்க இதை?

ஃப்ரீடா: நியூவார்க்ல எங்க கடை இருந்துச்சு. முன்னால நின்னு எல்லாரையும் பேர் சொல்லி வரவேத்தது என் புருஷன் ஹைமி. பின்னால தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னு வெட்டினது நான். "ஹைமியோட கை தங்கக் கை"ன்னு ஊரே சொல்லும். அவரும் கையைத் தூக்கிக் காட்டுவாரு.

லைபெல்: இப்ப அவர் எங்க?

ஃப்ரீடா: தங்கக் கையோட மயாமியில. கல்லாவுல உக்காந்திருந்த பொண்ணும் கூட.

லைபெல்: அடப்பாவமே.

ஃப்ரீடா: எனக்குப் பாவம் பாக்காதீங்க. அந்தப் பொண்ணுக்குப் பாருங்க, அவ அங்க என்ன சாப்பிடுவா? ஹைமிக்கு வெங்காயம்கூட நறுக்கத் தெரியாது.

லைபெல்: ஹா! சரி... வேற கடையில வேலை கேட்டுப் பாத்தீங்களா?

ஃப்ரீடா: மன்ஹாட்டன்ல கேட்டேன், பிராங்க்ஸ்ல கேட்டேன். கல்லாவுல உக்காருங்கறான், சமையல்கட்டுல உருண்டை பிடிங்கறான். கத்தியைக் கொடுங்கடான்னா சிரிக்கறான். அம்பத்திரண்டு வயசுல நான் உருண்டை பிடிக்கவா?

லைபெல்: தப்பா நினைக்காதீங்க. பொம்பளை கவுண்டர்ல நின்னு வெட்டி நானும் பாத்ததில்ல. ஜனங்க என்ன பேசுவாங்க?

ஃப்ரீடா: வாய் நிறைய பஸ்ட்ராமி இருக்கும்போது எப்படிப் பேசுவாங்க?

மோட்கே: முதலாளி! யூடல் தட்டை ரொட்டியால வழிச்சுட்டாரு. இன்னொண்ணு கேக்கறாரு, வீட்டுக்கு ஒண்ணு கட்டவும் சொல்றாரு. "லைபெல் பழைய லைபெல் ஆயிட்டான்னு சொல்லு"ன்னாரு.

லைபெல்: அப்படியா சொன்னாரு...

மோட்கே: கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. கடுகாலயும் இருக்கலாம்.

லைபெல்: யூடல் எழுந்து போகும்போது என் முகத்தைப் பாக்காமப் போவாரு. நானும் பாக்காத மாதிரி இருப்பேன்.

ஃப்ரீடா: முதலாளி, ஒண்ணு கேக்கலாமா? நான் வந்ததிலேருந்து வலது கையை ஏப்ரன் பைக்குள்ளயே வச்சிருக்கீங்க.

லைபெல்: பழக்கம்.

ஃப்ரீடா: நான் கொடுத்த துண்டை இடது கையாலதான் வாங்கினீங்க.

லைபெல்: அதுவும் பழக்கம்.

மோட்கே: சொல்லிடுங்க முதலாளி. இந்தம்மா யார்கிட்டயும் போய்ச் சொல்லப் போறதில்ல.

லைபெல்: இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுய்யா!

மோட்கே: தெரியாதவங்ககிட்ட சொல்றது சுலபம்.

லைபெல்: விரல் மடங்கலம்மா. குளிர் ஆரம்பிச்சப்ப மரத்துப் போச்சு, சரியாயிடும்னு இருந்தேன். ஒருநாள் வெட்டிட்டிருக்கும்போது கத்தி நழுவி, செருப்புக்குப் பக்கத்துல தரையில குத்தி நின்னுச்சு. இனிமே இது திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மெஷினைப் பின்வாசல் வழியா வாங்கி வச்சேன். வாசல்ல இருக்கே அந்த எழுத்து, எங்கப்பா ஏணி போட்டு நின்னு எழுதினது. தினம் காலையில அதைப் பாக்காம உள்ள நுழையறதுக்கு நான் படற பாடு...

ஃப்ரீடா: கையைக் கொடுங்க.

லைபெல்: எதுக்கு?

ஃப்ரீடா: கொடுங்க. இந்தக் கை வெட்ட வேண்டியதை வெட்டி முடிச்சுடுச்சு. ஆனா இன்னமும் கையைப் பிடிச்சுக் குலுக்கலாம், வர்றவங்க தோள்ல போடலாம். பேருக்குச் சொந்தக்காரர் முன்னால நிக்கட்டும். கத்திக்கு நான் நிக்கறேன். ஆனா தடுப்புக்குப் பின்னால இல்ல.

லைபெல்: பின்ன?

ஃப்ரீடா: கவுண்டர்ல. எல்லாரும் பாக்கற இடத்துல. வாசல்ல எழுதினபடி கையால வெட்டறேன், யார் கைன்னு எல்லாருக்கும் தெரியட்டும்.

லைபெல்: ரொம்பத் திமிர் உங்களுக்கு.

ஃப்ரீடா: இன்னொரு துண்டு வேணுமா?

லைபெல்: கொடுங்க. ... மெஷினை என்ன பண்றது?

ஃப்ரீடா: சலாமி இறைச்சிக்கு வச்சுக்கோங்க. சலாமிக்கு ரோஷம் கிடையாது.

லைபெல்: நாளைக்குக் காலையில வந்துடுங்க. இல்ல... இன்னிக்கே இருங்க, சாயங்காலக் கூட்டம் வரும். யோவ் மோட்கே, உனக்குச் சம்மதமா? நாள் பூரா இவங்களோட நிக்கப் போறவன் நீதான். வந்ததிலேருந்து ரெண்டு பேரும் கீரியும் பாம்புமா இருக்கீங்க. ஒத்துப்போகுமா?

மோட்கே: எங்க ஒத்துப்போகும் முதலாளி? சின்ன வயசுல எங்கம்மா எங்க ரெண்டு பேரையும் ஒரே கட்டில்ல படுக்க வைப்பா, அப்பவே இவ என் போர்வையைப் பிடுங்குவா. இப்ப ஹைமி ஓடினதுலேருந்து என் சோபாவுல படுத்துக்கிட்டு, "உன் தங்கச்சின்னு சொல்லி எனக்கு வேலை கேக்காதே, அந்த மனுஷன் கடையில ஒரு கத்தி சும்மாதானே தொங்குது, அதை என் கைக்கு வர வை, மீதியை நான் பாத்துக்கறேன்"னா. வரவச்சுட்டேன். இனிமே அவளைத் திட்டறது உங்க வேலை, நான் வீட்டுக்குப் போய் சோபாவுல காலை நீட்டறேன்.