பின்னறைக்கு ஒருத்தர், ஒரு ராத்திரி

சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும். கென்யாவுல, கிலிஃபி ஊர் தாண்டி, கத்தாழைத் தோட்டத்துக்கு நடுவுல போற செம்மண் ரோடு. கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒரு வீடு கிடையாது. நம்ம கியோகோ இருக்கான்ல... அவனோட பெரியம்மா மும்புவா, அந்த ரோட்டுல பைக் டாக்ஸில தனியாப் போயிட்டிருக்காங்க. ஒரு திருடனைப் பிடிக்க.

சொல்றேன், கிட்ட வந்து உக்காருங்க.

மும்புவா மச்சாகோஸ் ஆஸ்பத்திரில முப்பது வருஷம் நர்ஸ். யாரையும் லேசுல நம்ப மாட்டாங்க. மாத்திரையை நாக்குக்கு அடியில ஒளிச்சிருக்கியான்னு வாயைத் திறந்து பார்க்கிற ஆள். ரிட்டயர் ஆனதும் கையில இருந்ததையெல்லாம் போட்டு, கடலோரமா டூரிஸ்ட்டுங்களுக்கு விடற வீடு ஒண்ணு வாங்கினாங்க. வித்தது ஸுவேனான்னு ஒரு மொம்பாசாக்காரம்மா. அந்தம்மா போட்டது ஒரே நிபந்தனை. ஏற்கனவே ஆகியிருக்கிற புக்கிங் எதையும் ரத்து பண்ணக் கூடாது.

மும்புவா லிஸ்ட்டைப் பார்த்தாங்க. நக்குருல இருந்து ஒரு குடும்பம், நைரோபில இருந்து புதுசா கல்யாணம் ஆன ஜோடி... எல்லாம் சரி. ஆனா மாசாமாசம் கடைசி வியாழன், ஒரே பேர். நாசோரோ. பின்னறை, ஒருத்தர், ஒரு ராத்திரி. போன் நம்பர் இல்ல. எந்த வருஷத்தோட முடியுதுன்னும் இல்ல.

"இது அந்தக் கிழவன் வேலை"ன்னு முடிவு பண்ணிட்டாங்க. கிழவன்னா கஹிண்டி, வீட்டைப் பார்த்துக்கிற ஆள். அவனா ஒரு பேரை எழுதி வெச்சுட்டு, ரூமை யாருக்கோ விட்டுக் காசு பார்க்கிறான்... நாசோரோ புக்கிங்கை ரத்து பண்ணாங்க. அதோட விடல. அந்த வியாழக்கிழமை சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டாங்க.

போய் இறங்கினா, கஹிண்டி பின்னறையில படுக்கை விரிச்சிட்டிருக்கார். பக்கத்துல சின்ன மேசை. ஒரு தட்டு, தேங்காப்பால் சோறு, வறுத்த மீன்.

"யாருக்குப் பெரியவரே சமையல்?"

"விருந்தாளிக்கும்மா."

"அந்த புக்கிங்கைத்தான் நான் ரத்து பண்ணிட்டேனே."

கஹிண்டி தலகாணியைக் கையில பிடிச்சபடியே நின்னுட்டார். "எப்போ?"

"முந்தாநாள். என்ன, வரும்படி போச்சேன்னு இருக்கா?"

கஹிண்டி தலகாணியைக் கீழ வெச்சார். செருப்பை மாட்டினார். "நீங்களும் வந்துடுங்கம்மா"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னார். அப்புறம் இருட்டுல விறுவிறுன்னு நடந்து போயிட்டார்.

மும்புவா சிரிச்சாங்க. மாட்டிக்கிட்டான், ஓடறான். வரப்போற ஆளையும் பிடிச்சுடலாம்னு முன்னறையில வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உக்காந்தாங்க.

எட்டு மணி. வாசல் வழியா யாரும் வரல.

பின்னாடி... ஈரக்கால் சத்தம். சப்... சப்... சப். அழுகின கடல்பாசி வாடை. கூடவே கிராம்பு வாடை. அப்புறம் தட்டுல கரண்டி படற சத்தம். அவசரமே இல்லாம ஒரு ஆள் சாப்பிடற சத்தம்.

"யார்ரா அது!"

சத்தம் நின்னுடுச்சு. டார்ச்சோட போய்க் கதவைத் தள்ளினாங்க. யாரும் இல்ல. தட்டுல மீன் முள்ளு மட்டும் வரிசையா இருந்துச்சு. படுக்கை சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. இவங்க பார்த்துட்டு இருக்கும்போதே... தலகாணி மெதுவா அமுங்குச்சு.

எத்தனையோ பொணத்தைத் துடைச்சுவிட்டவங்கதான். ஆனா வெளிய ஓடி வந்து ஸுவேனாவுக்குப் போன் போட்டாங்க.

"யாரும்மா இந்த நாசோரோ?"

ஸுவேனா திருப்பிக் கேட்டாங்க.

"ரத்து பண்ணிட்டியா?"

"ஆமா."

"அடிப்பாவி... அந்த புக்கிங் அவர் வர்றதுக்கு இல்லடி. அவர் எப்படியும் வருவார். விடிஞ்சதும் அவர் திரும்பிப் போறதுக்குத்தான் அந்த புக்கிங்."

போன் கட். அதுக்கப்புறம் ஸுவேனா எடுக்கவே இல்ல.

வெள்ளிக்கிழமை நாசோரோ போகல. சனிக்கிழமையும் போகல. மும்புவா அந்தப் பேரைத் திரும்ப லிஸ்ட்டுல எழுதிப் பார்த்தாங்க. பிரயோஜனமில்ல. மூணு வாரம்... தினம் பொழுது சாஞ்சா அந்தக் காலடி. கஹிண்டி திரும்பி வரவே இல்ல.

அப்பதான் நக்குரு குடும்பம் வந்து இறங்குச்சு. அப்பா, அம்மா, ஆறு வயசுல ஒரு பொண்ணு. சொல்லிடணும்னு மும்புவாவுக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. வெளிய சொன்னா வீடு போச்சு, வாழ்நாள் சம்பாத்தியம் போச்சு. "பின்னறை மட்டும் ரிப்பேர்ல இருக்கு"ன்னு பூட்டிட்டு, வீட்டுச் சாவியை அவங்ககிட்ட கொடுத்துட்டு டவுன்ல போய்த் தங்கிட்டாங்க.

மூணு நாள் இருந்துட்டு அவங்க கிளம்பிட்டாங்க. அன்னிக்கு மத்தியானம் மும்புவா பின்னறையைத் திறந்தாங்க. படுக்கை காஞ்சு கிடக்கு. வாடை இல்ல. அப்படியே கட்டில்ல உக்காந்து அழுதுட்டாங்க, நிம்மதில.

போன் அடிச்சுது. நக்குருக்காரர், வழியில இருந்து.

"வீடு அருமைங்க," சிரிச்சுக்கிட்டேதான் ஆரம்பிச்சார். "எங்க பொண்ணுதான்... பின்னறைத் தாத்தாவை நம்ம வீட்டுக்குக் கூப்பிட்டேன், வந்துட்டார்னு சொல்லிட்டே வர்றா. பக்கத்து சீட்டுக்கு பெல்ட் எல்லாம் போட்டு விட்டிருக்கா. விளையாட்டுன்னு விட்டுட்டோம்..."

குரல் கொஞ்சம் இறங்குச்சு.

"ஆனா... அந்த பெல்ட் தளர மாட்டேங்குது. காலி சீட்டுல, ஒரு ஆளைச் சுத்திப் போட்ட மாதிரி இறுக்கமா நிக்குது."